எனக்கு இல்லாத அண்ணன் ஏறிய கப்பல்

என்னுடைய மகள் ஒரு கப்பலின் வரலாற்றை எழுதப்போகிறேன் என்று சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்தது. ஹம்பேர்க்கில் கப்பல் கட்டுமானம் படிக்கிறவள் கப்பலைப் பற்றி எழுதாமல் கத்தரிக்காயைப் பற்றியா எழுதுவாள் என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஆனால் உலகத்தில் எத்தனையோ கப்பல் இருக்க, அவள் தெரிவு செய்தது நான் ஏறி வந்த கப்பலை. அதற்கும் நான்தான் காரணம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சோறு ஊட்டும் நேரங்களில், இரும்புத் தரையில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையையும், பக்கத்தில் இருந்த நாலு பேர் மேல் வயிறு பிரட்டிச் சத்தி எடுத்த கதையையும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அது டாங்கிகளைக் கரையில் இறக்குவதற்கென்றே இரண்டாம் உலகப் போரில் கட்டப்பட்ட கப்பல். அவள் தொலைபேசியில் எனக்கு விளங்கப்படுத்தினாள். அடி தட்டையானது, அதனால் கரை வரைக்கும் வந்து மணலில் ஏறி நிற்கும். கரைக்கு வருமுன்பே பின்பக்கத்து நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். திரும்பும்போது அந்த நங்கூரத்தைப் பிடித்துத்தான் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் இரண்டு கதவாகத் திறந்து, உள்ளேயிருந்து ஓர் இரும்பு இறங்குபலகை விழும், அதன் வழியாக டாங்கிகள் கரைக்கு ஓடும். தட்டை அடி என்பதால் சின்ன அலைக்கும் உருளும். நான் சத்தி எடுத்ததற்கு விஞ்ஞானக் காரணம் அதுதான் என்று அவள் சொன்னபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

அவள் எழுதத் தொடங்கியது, அந்தக் கப்பல் கட்டப்பட்டதிலிருந்து உடைபட்டது வரையான சேவை வரலாறு. அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரைப் பட்டறையில் பிறந்திருக்கிறது. ஐரோப்பாவின் ஒரு கடற்கரையில் டாங்கிகளை இறக்கிவிட்டு, திரும்பும்போது அதே தளத்தில் காயக்காரரைப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. போர் முடிந்ததும் ஒரு முகத்துவாரத்தில் வருடக்கணக்காகச் சும்மா கட்டிக் கிடந்தது. பிறகு ஒரு வியாபாரி வாங்கி, முன்கதவை ஒட்டி மூடி, மரம் ஏற்றினார். அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது. பெயர் மாறியது, கொடி மாறியது, கதவை மறுபடி வெட்டித் திறந்தார்கள். கடைசியில், கிழடு தட்டிய காலத்தில், எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தது. போரால் தரைப்பாதை மூடிக் கிடந்த வருடங்களில் வடக்கே மாவும் சீமெந்தும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, திரும்பும்போது டாங்கி நின்ற தளத்தில் சனங்களை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனது.

அப்படி ஒரு பயணத்தில்தான் நானும் என் அம்மாவும் போனோம். கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. ஒரு பகல், ஒரு இரவு. டீசல் மணம், சத்தி மணம், பிள்ளைகளின் அழுகை. விடிய இறங்கினோம், பையைத் திறந்து பார்த்தார்கள், போகச் சொன்னார்கள், பஸ் பிடித்தோம். என் கப்பல் கதை அவ்வளவுதான். ஆனால் ஜேர்மன் அரசாங்கத்தின் கோப்பில் என் கப்பல் கதை வேறு.

முப்பது வருடமாக நான் தபால் பெட்டிக்குப் பயந்தவள். மஞ்சள் உறையில் வருவது அரசாங்கக் கடிதம். அநேகமாக அது பக்கத்து வீட்டுக்காரரின் வாகனத் தண்டமாக இருக்கும், தபால்காரர் மாறிப் போட்டிருப்பார். ஆனாலும் உறையின் மேல் என் பெயர் இல்லை என்று மூன்று தரம் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். என் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் இந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்துவிட்டு, நீயும் எடு, எடு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனார். ஊர்க் கடவுச்சீட்டை விட மனமில்லை என்று சொல்லித் தப்பினேன். அவரும் என்னை ஒரு பெரிய தேசப்பற்றாளர் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். உண்மையில் நான் பயந்தது, விண்ணப்பம் போட்டால் பழைய கோப்பைத் திறப்பார்கள் என்பதற்கு.

பிறகு சட்டம் மாறியது. இரண்டு கடவுச்சீட்டையும் வைத்திருக்கலாமாம். என் சாட்டு செத்துப்போனது. மகள் ஒரு விடுமுறைக்கு கொலோனுக்கு வந்தபோது தானே உட்கார்ந்து அன்ட்ராக்கை, குடியுரிமை விண்ணப்பத்தை, நிரப்பினாள். பாடசாலைச் சமையலறையில் பதினெட்டு வருட வேலை, மொழிச் சான்றிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் வேண்டுமென்று அலுமாரியில் இருந்த கோப்புகளை இழுத்துப் போட்டாள். நான் அடுப்படியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் தாள் புரளும் சத்தம் திடீரென்று நின்றுபோனது. கொஞ்ச நேரத்தால் அவள் என் அகதி விசாரணைப் பதிவோடு வாசலில் வந்து நின்றாள். பதினொரு பக்கம்.

“அம்மா, உங்களுக்கு ஒரு அண்ணா இருந்தவரோ?”

எனக்கு அண்ணன் கிடையாது. வீட்டில் நான்தான் மூத்தவள், எனக்குக் கீழே ஒரு தங்கச்சி, அவள் கனடாவில். ஆனால் அந்தப் பதினொரு பக்கத்தில் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவனைக் கப்பலடியில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். மகளின் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் நாக்கு தானாகவே பழைய வழியில் போனது. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அண்ணன் எப்படி வந்தான் என்று சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அகதிகள் விடுதியில் விசாரணைக்கு முன்னால் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் இருந்தது. அவரவர் ‘கேஸை’, அதாவது அகதி கேட்கிற காரணத்தை, அடுப்படியில் சொல்லிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே விசாரணைக்குப் போய் வந்தவர்கள் வெங்காயம் உரித்தபடி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். நான் என் கதையைச் சொன்னேன். குண்டுக்குப் பயந்து பதுங்குகுழியில் இருந்தோம், பள்ளிக்கூடம் நின்றது, கப்பலில் வந்தோம், அம்மா நகையை வித்து அனுப்பினா. கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது எல்லாருக்கும் நடந்ததுதானே, இந்தக் கேஸ் நிற்காது என்றார்கள். குண்டு விழுந்த வீட்டுக்கு இப்படி ஒரு மதிப்பெண் போடுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

என் அறையில் என்னைவிட ஏழு வயது மூத்த ஓர் அக்கா இருந்தா. அதிகம் கதைக்க மாட்டா. அன்று மத்தியானம் கட்டிலில் இருந்து உடுப்பு மடித்தபடி, என்னுடைய கேஸை எடுத்துச் சொல்லு என்றா. அவவின் கேஸை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். இதைச் சொன்னதால்தான் நின்றதாம். அவவுடைய கணவரை அதே கப்பலால் இறங்கும்போது பிடித்தார்கள். எனக்குக் கலியாணம் ஆகாததால் கணவனை அண்ணனாக்கினோம். எட்டு நாள் பாடம். அவ விசாரணை அதிகாரியாக இருந்து கேட்பா, நான் பதில் சொல்லுவேன். பிழை விட்டால் மறுபடி தொடக்கத்திலிருந்து. கோடு போட்ட நீலச் சேட்டு, மேல் பொத்தான் இல்லை. இறங்குபலகையின் முடிவில் முகத்தை மூடிய ஒரு தலையாட்டி, ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவன். அவன் தலையை ஒரு தரம்தான் ஆட்டினான். தங்கச்சி, அதாவது நான், அண்ணனின் காலைக் கட்டிப்பிடித்துக் கதறினேன், இழுத்துத் தள்ளினார்கள். கோப்புகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கத் திகதியை மட்டும் உன் விருப்பத்துக்கு வை என்றா. பெயரை மட்டும் மாற்றாதே என்றா. அதை ஏன் சொல்கிறா என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு மறக்காமல் இருக்க என் பிறந்தநாளுக்கு அடுத்த நாளைத் திகதியாக வைத்தேன்.

விசாரணையில் நான் அழுதேன். நடிப்பில்லை. எட்டு நாள் சொல்லிச் சொல்லி எனக்கே அண்ணன் போன துக்கம் வந்திருந்தது. அதிகாரி ஒரு கடதாசித் துவாயை நீட்டினார். நாலு மாதத்தில் என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

மகள் அதற்குப் பிறகு ஆய்வில் முழுதாக இறங்கிவிட்டாள். கப்பலின் சேவை வரலாற்றில் பயண வாரியாக ஓர் அட்டவணை இருந்தது. எங்கே புறப்பட்டது, எங்கே சேர்ந்தது, என்ன ஏற்றியது. அதில் என் அண்ணனுக்கும் ஓர் இடம் கொடுக்கப்போகிறாளாம். டாங்கியையும் சீமெந்தையும் கணக்கெடுத்த வரலாற்றில் ஒரு மனிதனும் இருக்கட்டும் என்றாள். ஆய்வை இணையத்தில் எல்லாரும் பார்க்கலாம் என்றும் பெருமையாகச் சொன்னாள். எனக்கு வேர்த்துவிட்டது. பெற்ற பிள்ளையின் படிப்பு நாசமாகப் போகட்டும், யாரும் அவளுக்குப் பதில் எழுதாமல் இருக்கட்டும் என்று கோயிலில் நின்று வேண்டிய தாய் நானாகத்தான் இருப்பேன்.

பதில்கள் வந்தன. ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை, விடுவாளா? ஒருவர் விடாமல் கடிதம் எழுதி, கப்பலின் பயணப் பதிவேட்டின் நகல்களை ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை வந்து மேசையில் தாள்களைப் பரப்பினாள். நான் சொன்ன வருடத்தில், என் பிறந்தநாள் வருகிற மாதம் முழுக்க அந்தக் கப்பல் கடலிலேயே இல்லை. பழுது பார்க்கும் உலர் துறையில் ஏற்றி, அடித்தகடு மாற்றியிருக்கிறார்கள்.

கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதோ பிடித்துவிட்டாள், இனி அவள் வாயிலிருந்து வரப்போகிற சொல்லைக் கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவளோ என் கையைத் தடவி, பயத்திலும் துக்கத்திலும் ஆட்களுக்குத் திகதி மாறிப்போவது வழமை என்றாள். அதோடு நிற்கவில்லை.

“ஆறு கிழமையிலை குடியுரிமை அலுவலகத்திலை டெர்மீன். அங்கை உள்ளவை கண்டுபிடிக்க முதல் நாங்களே கடிதம் எழுதித் திருத்துவம் அம்மா. இந்தத் தாளையும் வைப்பம். சரியான திகதியை யோசிச்சுச் சொல்லுங்கோ.”

உதவி செய்கிறாளாம். என்னைக் கழுத்தில் பிடித்துத் தள்ளுவதற்கு இதைவிட நல்ல வழி ஒருவருக்கும் கிடைத்திருக்காது. திருத்தாவிட்டால் கோப்பில் பொய், திருத்தினால் என் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்த இன்னொரு பொய். குடியுரிமை கிடைக்காமல் போனால் போகட்டும். இருக்கிற வதிவிட அனுமதியையும் பிடுங்கினால்? ஐம்பத்து மூன்று வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? அந்தக் கிழமை முழுக்கப் பாடசாலைச் சமையலறையில் உப்பை இரண்டு தரம் போட்டேன், போடாமலும் விட்டேன். இருநூறு பிள்ளைகள் என் பயத்தைத் தின்றார்கள்.

எனக்குப் பாடம் சொல்லித் தந்த அக்கா இப்போது ஸ்டுட்கார்ட்டில். பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவ. மறுமணம் செய்யவில்லை, பிள்ளைகளும் இல்லை. தீபாவளி, வருடப்பிறப்புக்குத் தொலைபேசுவோம், கப்பலைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ரயிலெடுத்துப் போனேன். தேத்தண்ணி தந்தா. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: மகளின் ஆய்வை, உலர் துறையை, கடிதத்தை. இனி ஏலாது அக்கா, எனக்கு அண்ணனே இல்லை, அந்தக் கதை பொய் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன், வருவது வரட்டும் என்றேன். உங்களுடைய பெயர் வராது என்றும் சத்தியம் பண்ணினேன்.

அவ கோப்பையைக் கீழே வைத்தா. தேத்தண்ணி தட்டில் கொஞ்சம் சிந்தியது.

“அழிச்சுப் போடாதை,” என்றா. “அந்தப் பதினொரு பக்கத்தைத் தவிர அவர் வேற ஒரு இடத்திலையும் எழுதப்படேல்லை.”

எனக்கு விளங்கவில்லை. உங்கள் விசாரணையிலும் இருக்கும்தானே என்று கேட்டேன். இல்லையாம். அவ தன்னுடைய விசாரணையில் வேறு ஒரு பெண்ணின் கேஸைச் சொல்லியிருக்கிறா. வீட்டில் ஷெல் விழுந்த கேஸ், கணவன் வீட்டோடு போன கேஸ். தன்னுடைய கதை வாயில் வரவில்லையாம். காணாமல் போனவர்களின் பட்டியல்களிலும் கொடுக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் போய் முறையிடவில்லை. ஆனாலும் எங்கேயாவது ஓர் அரசாங்கத்தின் தாளில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, என்னைக் கொண்டு சொல்ல வைத்திருக்கிறா. ஏன் நீங்களே சொல்லவில்லை என்று கேட்டேன். பயம் என்று மட்டும் சொன்னா. அதற்கு மேல் தோண்டிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

திரும்பி வரும் ரயிலில் என் பயம் இரண்டானது. அதுவரை என் தோலைத்தான் நினைத்துப் பயந்தேன். இப்போது என் கையில் இன்னொரு பெண்ணின் மனிசன், அவவின் கணவர், இருந்தார். நான் பொய் என்று ஒரு வரி எழுதினால் அவர் இல்லாமல் போய்விடுவார். எழுதாவிட்டால் வாழ்நாள் முழுக்க என் அண்ணனாகவே இருப்பார். என்ன செய்தாலும் ஒருவருக்குத் துரோகம். அப்படியொரு மூலைக்குள் போய் மாட்டிக்கொண்டேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

முதலில் மகளுக்குச் சொல்வது என்று முடிவெடுத்தேன். அதிகாரி என்னை நாடு கடத்தினாலும் தாங்குவேன், இவள் வேறு யாராவது வழியாக அறிந்தால் தாங்க மாட்டேன். அடுத்த முறை அவள் வந்தபோது, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு, முன்னால் இருந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

“நான் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

விசாரணையில் பொய் சொன்னதை அவள் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அது அந்தக் காலம், அது உயிர்ப் பயம். ஆனால் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றபோது அவளிடம் சொன்னதற்கு என்ன சாட்டு? அப்போது என் தலைக்கு மேல் ஒரு குண்டும் இல்லை. பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஹம்பேர்க் ரயிலுக்குப் போய்விட்டாள். இரண்டு கிழமை தொலைபேசியை எடுக்கவில்லை. தபால் பெட்டிக்குப் பயந்த காலம் போய், சத்தம் போடாத கைத்தொலைபேசிக்குப் பயந்தேன். வாழ்க்கையில் நான் பட்ட பயங்களில் அதுதான் பெரியது. அவள் இனி என்னிடம் எதைக் கேட்டாலும், நான் சொல்வதைப் பாதிக்கு மேல் நம்ப மாட்டாளே.

பதினைந்தாம் நாள் ஒரு வரி வந்தது. அப்படியென்றால் அவர் யார் என்று கேட்டிருந்தாள். நான் உடனே அக்காவை அழைத்தேன். பிள்ளை கேட்கிறாள், நான் இனி உங்களுக்காகச் சொல்ல மாட்டேன், வந்து நீங்களே சொல்லுங்கோ என்றேன்.  எந்த ரயிலில் வரவேண்டும் என்று அவ கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் என் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, ஆனால் அக்காவுக்கு முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள். திகதியை மட்டும் கேட்டாள். முப்பது வருடமாக எனக்குக் கூடச் சொல்லாத திகதியை அக்கா சொன்னா. மகள் பயணப் பதிவேட்டு நகல்களைப் புரட்டி ஒரு தாளை எடுத்தாள். கப்பல் அந்த நாளில் கடலில் இருந்திருக்கிறது. அன்றைய குறிப்பு நாலே வரி. அவள் அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். காற்று மிதம். இறங்குபலகை காலை ஆறரைக்கு இறக்கப்பட்டது. பயணிகள் எல்லாரும் இறங்கினார்கள். குறிப்பிடும்படியான சம்பவம் ஒன்றும் இல்லை.

“ஒண்டும் இல்லையோ?” என்று அக்கா கேட்டா. மகள் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவ சொல்லத் தொடங்கினா. மேசை விரிப்பைப் பார்த்தபடி, மெதுவாக.  ஒவ்வொரு வசனமும் எனக்குப் பாடம். நீலச் சேட்டு, இல்லாத பொத்தான், ஈரமாகிக் கிடந்த பலகை, முகம் மூடியவன், ஒரே ஒரு தலையாட்டல். வரிசையிலிருந்து அவரை வெளியே இழுத்தார்கள் என்றதும் அவவின் குரல் நின்றுவிட்டது.  நான் யோசிக்காமல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். காலைக் கட்டிப்பிடித்துக் கதறினேன் என்று.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. இல்லை என்று தலையசைத்தா.

“நான் அழேல்லை. அது உனக்கெண்டு நான் செய்தது. அவங்கள் என்னட்டைத் திரும்பி, இவன் உனக்கு ஆரெண்டு கேட்டவங்கள். நான் தெரியாது எண்டு சொன்னன்.” மேசை விரிப்பை நீவியபடி மறுபடி சொன்னா. “என்னையும் பிடிச்சிடுவாங்கள் எண்ட பயம். அவர் என்னைப் பாத்தவர். பிறகு அவரும் சொன்னவர், இவவை எனக்குத் தெரியாது எண்டு. நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தன்.”

 மகள் எழுந்து போய் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள், அவவின் மடியில் கையை வைத்தாள். அந்த ஒரு சொல்லை ஒளிப்பதற்காக ஒரு மனுஷி முப்பது வருடம் எந்த அலுவலகத்திலும் தன் கணவரைத் தேடவில்லை. தேடினால் முதல் கேள்வியே, அப்போது நீ என்ன செய்தாய் என்பதாகத்தானே இருக்கும். நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பயம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. மாலை ரயிலுக்கு அவவை ஏற்றிவிட்டு நடந்து வரும்போது மகள் என் கையைப் பிடித்தாள். முழுதாக மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பிடித்தாள், அவ்வளவுதான்.

டெர்மீனுக்கு மூன்று பேருமாகத்தான் போனோம். அக்கா தானாகவே வருகிறேன் என்றா. நடைபாதையில் வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் அவவை இருத்திவிட்டு நானும் மகளும் உள்ளே போனோம். அதிகாரி மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண், மேசையில் பாதி தின்ற அப்பிள். கொடுத்த தகவல் எல்லாம் உண்மைதானே என்று வழமையான கேள்வியைக் கேட்டுக் கையெழுத்துக்குத் தாளைத் தள்ளினாள். என் பேனா தாளைத் தொடவில்லை. மேல் உதடெல்லாம் வேர்வை. பத்து நாள் பாடமாக்கிய ஜேர்மன் வசனங்களைச் சொன்னேன். என் பழைய விசாரணையில் வருகிற மனிதர் என் அண்ணன் இல்லை. எனக்கு அண்ணன் கிடையாது. அவருக்கு நடந்தது உண்மை, பெயரும் உண்மை, நான் சொன்ன திகதியும் உறவும் பொய். சரியான திகதிக்குக் கப்பலின் பதிவேட்டு நகல் இருக்கிறது.

அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன். இது எனக்குப் பாதகமாக முடியலாம், தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மகள்தான் எனக்காகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதி எடுத்தாள். முடிவு கடிதத்தில் வருமாம். இதை எழுதும் இந்த நாள் வரை வரவில்லை, நான் இன்னமும் தபால் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்கிறேன்.

எழுதி முடித்த பிறகு அதிகாரி, அந்த மனிதரைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். வெளியே இருக்கிறா என்றேன். அவளே எழுந்து கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி வந்து நின்றா. முகம் வெளிறிப் போயிருந்தது. அதிகாரி தாளில் இருந்த பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்து, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

அக்கா ஜேர்மன் சொல்லைத் தேடாமல், தமிழிலேயே சொன்னா.

“என்ர மனிசன்.”